சட்டைப் பைக்குள் ஒரு வீடு

(இயக்கத் தோழர்களுக்கும் மாணவர்களுக்குமான சட்டப் பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை ஆங்காங்கே அப்படியே விடப்பட்டுள்ளது.)



காலையில் ஒரு மாணவர் கேட்ட கேள்வியிலிருந்தே தொடங்கலாம். "நடுரோட்டுல நிறுத்தி, போனைக் குடு, லாக்கை எடுன்னு போலீஸ்காரர் சொன்னா நான் குடுக்கணுமா?" வழக்கு எதுவும் இல்லாமல் வழியில் போகிறவரிடம் அப்படிக் கேட்க எந்தச் சட்டப் பிரிவும் அதிகாரம் தரவில்லை. 2021 அக்டோபரில் ஐதராபாத்தில் கஞ்சா பிடிக்கிறோம் என்று வண்டிகளை நிறுத்தி, ஆட்களின் வாட்ஸ்அப்பைத் திறந்து 'கஞ்சா' என்ற சொல்லைத் தேடிப் பார்த்தார்கள். நாடே அந்தக் காட்சியைப் பார்த்தது. சட்டத்தில் அதற்கு இடம் கிடையாது.

பதில் இவ்வளவுதான். ஆனா இந்தப் பதிலை மட்டும் வெச்சுக்கிட்டு ராத்திரி பத்து மணிக்கு ஒரு ஏட்டு முன்னாடி நிக்க முடியுமா? முடியாதுன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால்தான் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

'சோதனை' என்ற சொல்லுக்கு நம் தெருக்களில் ஒரு வரலாறு உண்டு. 1992 ஜூன் 20. தருமபுரி மாவட்டம் வாச்சாத்தி. சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையும் போலீசும் பழங்குடி மக்களின் ஊருக்குள் புகுந்தார்கள். 18 பெண்கள் மீது பாலியல் வன்கொடுமை நடந்தது. 2011இல் உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. 2023இல் உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அடுத்து 1995 ஆகஸ்ட் 31, கொடியன்குளம். கொலைக் குற்றவாளிகளைத் தேடுகிறோம் என்றுதான் அங்கும் நுழைந்தார்கள். வெளிநாட்டுக்குப் போய் சம்பாதித்து வாங்கிய டி.வி.யை, மின்விசிறியை உடைத்தார்கள். அதோடு நின்றார்களா? பாஸ்போர்ட்டையும் பள்ளிக்கூடச் சான்றிதழ்களையும் அழித்தார்கள். தேடி வந்தவனுக்குச் சான்றிதழில் என்ன வேலை? அந்தக் காகிதம்தான் நம் பிள்ளைகளை ஊரைவிட்டு வெளியே கொண்டுபோகும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

இன்றைக்கு அந்தச் சான்றிதழ் எங்கே இருக்கிறது? செல்போனில். சாதிச் சான்றிதழ், கல்வி உதவித்தொகை விண்ணப்பம், வங்கிக் கணக்கு, அம்மாவின் மருந்துச் சீட்டு, காதலித்தவரின் கடிதம், இயக்கக் குழுவின் பேச்சு, தேநீர்க்கடையில் தனிக் குவளை வைத்திருப்பதை எடுத்த படம், சாதி பேரைச் சொல்லித் திட்டினவனின் குரல் பதிவு எல்லாமே அதற்குள்தான். ஒரு வீட்டைச் சோதனை போட்டால்கூட இவ்வளவு கிடைக்காது. வீட்டைவிடப் பெரிய வீடு ஒன்று நம் சட்டைப் பைக்குள் இருக்கிறது. ஆனால் சட்டம் அதை இன்னும் ஒரு கத்தியைப் போல, ஒரு மூட்டையைப் போல ஒரு 'பொருளாக'த்தான் பார்க்கிறது. சிக்கல் இங்கேதான்.

இது இப்படி இருந்திருக்க வேண்டியதில்லை. 1947இல் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்று அரசியல் நிர்ணய சபைக்கு அண்ணல் தயாரித்த அறிக்கையைப் பாருங்கள். தக்க காரணம் இல்லாமல் ஒருவரின் உடலையோ வீட்டையோ காகிதங்களையோ உடைமைகளையோ சோதனை போடக் கூடாது. எந்த இடம், எந்தப் பொருள் என்று குறிப்பிடாமல் வாரண்ட் தரக் கூடாது. இதை அடிப்படை உரிமையாக வைக்க வேண்டும் என்று அதில் கேட்டிருக்கிறார். 1948 டிசம்பர் 3இல் காசி சையத் கரிமுத்தீன் என்ற உறுப்பினர் இதே கருத்தோடு ஒரு திருத்தம் கொண்டுவந்தபோது, ஏற்கத் தயார் என்று அண்ணல் சபையிலேயே சொன்னார். அவர் சொன்ன காரணம் முக்கியமானது. இந்தப் பாதுகாப்பு ஏற்கனவே குற்ற நடைமுறைச் சட்டத்தில் இருப்பதுதான். ஆனால் நாளைக்கு வரும் சட்டமன்றங்கள் அதை எடுத்துவிடலாம். எனவே அவர்கள் கை எட்டாத இடத்தில், அரசியல் சட்டத்திலேயே வைப்பது நல்லது என்றார். சபையில் குழப்பம், வாக்கெடுப்பு தள்ளிவைப்பு. கடைசியில் திருத்தம் தோற்றது.

தோற்றதின் விலையை ஆறே ஆண்டில் கொடுத்தோம். 1954இல் எம்.பி.சர்மா வழக்கில் எட்டு நீதிபதிகள் என்ன சொன்னார்கள்? அமெரிக்க அரசியல் சட்டத்தில் இருப்பது போன்ற பாதுகாப்பை நம்முடைய அரசியல் சட்டத்தை எழுதியவர்கள் வைக்கவில்லை, ஆகவே அந்த உரிமையை நாங்கள் உள்ளே கொண்டுவர முடியாது என்றார்கள். அண்ணல் வைக்கச் சொன்னார், சபை தோற்கடித்தது, 'வைக்கவில்லையே' என்று நீதிமன்றம் கையை விரித்தது. 2017 ஆகஸ்ட் 24இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்து, 1954ஆம் ஆண்டுத் தீர்ப்பின் அந்தக் கருத்தைத் தள்ளினார்கள். அரசு அந்தரங்கத்தில் கை வைப்பதற்கு மூன்று அளவுகோல் சொன்னார்கள்: சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், நோக்கத்துக்கு மிஞ்சிப் போகக் கூடாது.

சரி, இப்போது சட்டத்தில் என்ன இருக்கிறது?

2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. பிரிவு 94இன்படி, தகவல் தொடர்புக் கருவியைக் கொண்டுவந்து கொடு என்று நீதிமன்றமும் கேட்கலாம், நிலைய அதிகாரியும் எழுத்து மூலம் கேட்கலாம். பிரிவு 106இன்படி, குற்றத்தோடு தொடர்புடையதாகச் சந்தேகம் வந்தால் ஒரு பொருளைக் கைப்பற்றலாம். பெரும்பாலும் போன் போவது இந்த வழியில்தான். பிரிவு 185இன்படி வாரண்ட் இல்லாமலும் ஓர் இடத்தைச் சோதனை போடலாம்; ஆனால் ஏன் அவசரம், எதைத் தேடுகிறேன் என்று முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும், அந்தப் பதிவை 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும். பிரிவு 103இன்படி வட்டாரத்தைச் சேர்ந்த இரண்டு பொதுச் சாட்சிகள் வேண்டும், பட்டியலின் நகலை நமக்குத் தர வேண்டும். பிரிவு 105இன்படி சோதனையையும் கைப்பற்றுவதையும் வீடியோ எடுக்க வேண்டும். கடைசியாகச் சொன்னது புதுசு. இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இத்தனைக்கும் நடுவில் ஒரு பெரிய ஓட்டை. கருவியை எப்படி வாங்குவது என்று சட்டம் சொல்கிறது. வாங்கிய பிறகு அதற்குள் எவ்வளவு தூரம் போகலாம் என்று சொல்லவே இல்லை. ஒரு நாள் நடந்த அடிதடிக்காக வாங்கின போனில் பத்து வருசத்துப் பேச்சையும் படிக்கலாமா? சட்டம் வாயைத் திறக்கவில்லை. அமெரிக்க உச்சநீதிமன்றம் 2014இல் ரைலி வழக்கில் ஒருமனதாகச் சொல்லிவிட்டது: கைது செய்யப்பட்டவரின் போனாக இருந்தாலும் உள்ளே பார்க்க வாரண்ட் வாங்கு. இங்கே அப்படி நாடு முழுமைக்கும் ஒரு தெளிவான தீர்ப்பு இல்லை.

பாஸ்வேர்டு? அரசியல் சட்டம் 20(3): யாரையும் தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது. 2010இல் செல்வி வழக்கில், விருப்பமில்லாதவருக்கு நார்கோ பரிசோதனை செய்யக் கூடாது என்று உச்சநீதிமன்றம் இதை வைத்துத்தான் சொன்னது. மனசுக்குள் இருப்பதைப் பிடுங்காதே என்பது இதன் பொருள். பாஸ்வேர்டும் மனசுக்குள்தானே இருக்கிறது? 2021இல் வீரேந்திர கன்னா வழக்கில் கர்நாடக உயர்நீதிமன்றம் இல்லை என்றது: நீதிமன்ற உத்தரவு இருந்தால் பாஸ்வேர்டு கேட்கலாம், அது சாட்சியம் ஆகாது. ஆனால் அதே தீர்ப்பு, விசாரணை அதிகாரி தன்னிச்சையாகக் கட்டாயப்படுத்த முடியாது, சாதாரணமாக வாரண்ட் வேண்டும் என்றும் சொன்னது. 2022இல் டெல்லி சி.பி.ஐ. சிறப்பு நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்டவரைப் பாஸ்வேர்டு சொல்லக் கட்டாயப்படுத்த முடியாது என்றது. இரண்டும் இரண்டு திசை. ஆனால் ஸ்டேஷனில் அறைந்து வாங்கலாம் என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. விரல் ரேகை வேறு கதை. ரேகை கொடுப்பது சாட்சியம் ஆகாது என்று 1961இலேயே தீர்ப்பு இருக்கிறது. ஆகவே விரலால், முகத்தால் திறக்கிற பூட்டைவிட எண் பூட்டு நல்லது.

இன்னொரு கசப்பான விசயம். சட்டத்தை மீறிச் சோதனை போட்டுக் கிடைத்த சாட்சியமும் செல்லும் என்று 1973இல் பூரன்மல் வழக்கில் உச்சநீதிமன்றம் சொல்லியிருக்கிறது. திருட்டுத்தனமாகத் திறந்தாலும் உள்ளே கிடைத்தது செல்லும் என்றால், எந்தப் போலீஸ்காரர் வாரண்டுக்காக நீதிமன்றப் படி ஏறுவார்?

இதெல்லாம் வக்கீல் பேச்சு, நமக்கு என்ன என்று நினைக்கிற தோழர்கள் பீமா கோரேகானை நினைத்துக்கொள்ளுங்கள். 2018இல் வீடு வீடாகப் புகுந்து மடிக்கணினிகளையும் போன்களையும் எடுத்துப் போனார்கள். ஆனந்த் டெல்டும்டே வீட்டில் இல்லாதபோதே அவருடைய வீட்டைத் திறந்தார்கள். அவர் சரணடைந்த நாள் 2020 ஏப்ரல் 14, அண்ணலின் பிறந்த நாள். ரோனா வில்சனின் மடிக்கணினியை ஆய்வு செய்த அமெரிக்காவின் ஆர்சனல் நிறுவனம் 2021இல் சொன்னது: 22 மாதங்களாக யாரோ வெளியிலிருந்து அந்தக் கணினிக்குள் இருந்திருக்கிறார்கள், வழக்குக்கு ஆதாரமாகக் காட்டப்பட்ட கடிதங்கள் அவருக்குத் தெரியாமல் உள்ளே வைக்கப்பட்டவை. விசாரணை அமைப்பு இதை ஏற்கவில்லை. அது இருக்கட்டும். கருவியைக் கைப்பற்றும்போதே ஹாஷ் மதிப்பு எடுத்து நகல் தந்திருந்தால், அந்த நிமிடத்துக்குப் பிறகு யார் கை வைத்தாலும் தெரிந்துவிடும். ஹாஷ் என்றால் பயப்பட வேண்டாம். உள்ளே இருக்கிற மொத்தத் தரவுக்கும் சேர்த்து எடுக்கிற ஒரு ரேகை அது. ஒரு புள்ளி மாறினாலும் எண் மாறிவிடும். இன்றைக்குச் சாட்சியச் சட்டத்தின் பிரிவு 63 கேட்கிற சான்றிதழிலேயே ஹாஷ் மதிப்பு எழுத இடம் இருக்கிறது.

நம் ஊருக்கே வருவோம். வேங்கைவயல். 2022 டிசம்பரில் நம் மக்கள் குடிக்கிற தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்தார்கள். புகார் கொடுத்தது யார்? அந்தக் குடியிருப்பு மக்கள். 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. குற்றப்பத்திரிகையில் பெயர் வந்தது யாருக்கு? அதே குடியிருப்பைச் சேர்ந்த மூன்று பேருக்கு. செல்போன்களிலிருந்து எடுத்ததாகச் சொல்லப்பட்ட படங்களும் பேச்சுகளும் ஊடகங்களில் சுற்றின. குற்றம் நிரூபணமா இல்லையா என்பதை நீதிமன்றம் பார்க்க வேண்டும். என் கேள்வி வேறு. விசாரணையில் இருக்கும் போனுக்குள் இருந்தது வழக்கு நடப்பதற்கு முன்பே வீதிக்கு எப்படி வந்தது? அதற்கு யார் பொறுப்பு? புகார் கொடுக்கப் போகிறவன் போனையும் கொடுக்க வேண்டும், அந்தப் போனே அவனுக்கு எதிராகத் திரும்பலாம் என்றால், நாளைக்கு எந்தச் சேரியிலிருந்து புகார் வரும்?

"அப்ப சாதி வெறியனோட போனையும் தொடக் கூடாதா தோழர்?" என்று கேட்பீர்கள். தொட வேண்டும். முறையாகத் தொட வேண்டும். கோகுல்ராஜ் கொலை வழக்கில் திருச்செங்கோடு கோயிலின் சி.சி.டி.வி. பதிவு எவ்வளவு பெரிய சாட்சியாக நின்றது! 2022இல் தண்டனை, 2023இல் உயர்நீதிமன்றத்தில் உறுதி. கைப்பற்றிய முறையில் ஓட்டை இருந்தால் எதிரியின் வக்கீல் அந்த ஓட்டை வழியாகத்தான் வெளியே போவார். ஆகவே எல்லை போடுவது குற்றவாளியைக் காப்பாற்ற அல்ல. நம் சாட்சியமும் கெடாமல் இருக்க அதுதான் வழி.

2023 நவம்பரில் பத்திரிகையாளர்கள் தொடுத்த வழக்கில், இப்படி அளவில்லாத அதிகாரம் ஆபத்தானது, வழிகாட்டு நெறி கொண்டுவா என்று உச்சநீதிமன்றம் ஒன்றிய அரசிடம் சொன்னது. அதுவரை மத்திய அமைப்புகள் சி.பி.ஐ. கையேட்டைப் பின்பற்றும் என்று டிசம்பரில் அரசு பதில் சொன்னது. மத்திய அமைப்புகள்! நம்ம ஊர் ஸ்டேஷன் அதில் இல்லை. எல்லை போட நேரமில்லாத நாடாளுமன்றம், 2025இல் இயற்றிய வருமான வரிச் சட்டத்தில் மட்டும் பாஸ்வேர்டைத் தாண்டி உள்ளே நுழைய அதிகாரம் எழுதிக் கொடுத்தது.

அதுவரை நாம் என்ன செய்வது? கைகலப்பு வேண்டாம், ஓடவும் வேண்டாம். எந்த வழக்கு, எந்தப் பிரிவு என்று கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள். வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். மகஜரில் போனின் ஐ.எம்.இ.ஐ. எண், எடுத்த நேரம், போன் அணைந்திருந்ததா எரிந்ததா என்று எழுதச் சொல்லி நகல் வாங்குங்கள். ஹாஷ் மதிப்பு கேளுங்கள். அவருக்கே அது தெரியாவிட்டாலும், கேட்டதாக மனுவில் பதிவு செய்யுங்கள். பாஸ்வேர்டு கேட்டால், வக்கீலைக் கலந்து நீதிமன்ற உத்தரவுப்படி நடப்பேன் என்று சொல்லுங்கள். விசாரணை வந்தபிறகு எதையும் அழிக்காதீர்கள். அதுவே தனிக் குற்றம். வன்கொடுமைக்கான ஆதாரம் உங்கள் போனில் இருந்தால், புகாருக்கு முன்பே இரண்டு நம்பிக்கையான இடங்களில் பிரதி வையுங்கள். அசல் போனையும் பத்திரமாக வையுங்கள். போனைத் திருப்பிக் கேட்டு மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடலாம், போடுங்கள். தனியாளாகக் கேட்டால் அடி விழும். பத்துப் பேராகப் போய்க் கேட்டால் அந்த ஏட்டும் புத்தகத்தைத் தேடுவார்.

இயக்கத்தின் கோரிக்கையாக நான்கை வைப்போம். நீதிபதியின் வாரண்ட் இல்லாமல் போனுக்குள் பார்க்கக் கூடாது. எந்த வழக்குக்கு எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று வாரண்டில் இருக்க வேண்டும். கைப்பற்றும் இடத்திலேயே ஹாஷ் மதிப்பும் நகலும் தர வேண்டும். மீறி எடுத்தது சாட்சியம் ஆகாது என்று சட்டம் எழுத வேண்டும். இது புதிய கோரிக்கை இல்லை தோழர்களே. 1948இல் அண்ணல் ஏற்கத் தயாராக இருந்து, சபை தோற்கடித்த கோரிக்கை. அன்றைக்கு அவர் காகிதங்கள் என்று எழுதினார். நாம் அதோடு செல்போன் என்று சேர்த்துக் கேட்கிறோம்.

ஜெய்பீம்.