அக்கரைக்குப் போனவரின் காகிதம்



சேலம், நாமக்கல் பக்கத்தில் பெரியவர்கள் பங்காளிகளின் பெயர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டே வருவார்கள். நடுவில் ஒரு பெயர் வந்ததும், "அவரு கண்டிக்குப் போனவரு" என்பார்கள். அல்லது "பினாங்குக்குக் கப்பலேறினவரு". அதற்குப் பிறகு பேச்சு அடுத்த பங்காளிக்குப் போய்விடும். கடலை எட்டிப் பார்க்காத சீமை நம்முடையது. ஆனாலும் கப்பலேறியவர்கள் இல்லாத ஊர் இங்கே குறைவு.

அதற்குக் காரணம் பசிதான். 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் சேலம் மாவட்டத்தை மிக மோசமாக உலுக்கியது. 1871 கணக்கெடுப்பில் 19 லட்சத்துக்கு மேல் இருந்த மக்கள்தொகை, 1881இல் 16 லட்சத்தைத் தொடவில்லை. செத்தவர்கள் பாதி, போனவர்கள் பாதி என்று நான் சொல்ல மாட்டேன், செத்தவர்களே மிகுதி. ஆனால் ரயில் 1860களிலேயே சேலத்துக்கு வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்தால் சென்னைத் துறைமுகம். ஆள் சேர்க்கிறவனுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

அப்படிப் போன ஒருவரை இன்று தேட வேண்டுமானால், முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். தொலைதூரம் போனவர் கிடைப்பார். பக்கத்தில் போனவர் கிடைப்பது கடினம்.

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலைப் பாருங்கள். 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்ற கப்பல் 342 பேரோடு நவம்பர் 16ஆம் தேதி டர்பனைச் சேர்ந்தது. அன்று தொடங்கி 1911 வரை ஏறத்தாழ 1,52,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே போனார்கள். மூன்றில் இரண்டு பங்கு சென்னை வழியாகப் போனவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். அந்த எண்ணுக்கு எதிரே பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, கிராமம், உயரம். அதோடு நிற்கவில்லை, நெற்றியில் தழும்பு, முழங்காலில் மச்சம் என்று உடம்பையும் எழுதி வைத்தார்கள். ஓடிப்போனால் பிடிப்பதற்காக எழுதியது! பாசத்தில் எழுதியதல்ல. முதலாளியின் சொத்தை அடையாளம் காண எழுதிய அந்த வரிகள்தான் இன்று பேரன் பேத்திகளுக்குக் கிடைத்திருக்கும் ஒரே முகம்.

பிஜித் தீவில் இன்னும் ஒரு படி மேல். அங்கே தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் போனது 1903இலிருந்து 1916 வரைதான். ஆளுக்கு ஒரு குடியேற்றச் சீட்டு. அதில் நெருங்கிய உறவினர் யார் என்ற கட்டமும் உண்டு. சூவா நகரத்தின் ஆவணக் காப்பகத்தில் அவை இருக்கின்றன. மொரிஷியஸில் 1860களிலிருந்து படமும் எடுத்தார்கள்; மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் அந்தப் படங்களைப் பாதுகாக்கிறார்கள்.

கப்பலில் பயணியாகப் போகாமல் கப்பலிலேயே வேலைக்குச் சேர்ந்தவர் என்றால், வீட்டுப் பெட்டியில் சிடிசி என்ற மாலுமிப் புத்தகம் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாம் உலகப் போரில் கடலிலேயே மாண்ட இந்திய மாலுமிகளின் பெயர்கள் மும்பையில் ஒரு நினைவேட்டில் உள்ளன, ஆறாயிரத்துக்கும் மேல்.

இனி, நம் ஊர்களிலிருந்து மிகுதியான பேர் போன இடத்துக்கு வருவோம். இலங்கையின் மலைத்தோட்டங்கள். அங்கே ஒப்பந்தம் கிடையாது, கங்காணி உண்டு. அதே ஊர்க்காரர், பல வேளைகளில் உறவுக்காரர். முன்பணம் கொடுத்துக் கூட்டிப் போவார். சட்டப்படி இவர்கள் சுதந்திரமானவர்கள். அதனால் சர்க்கார் அதிகம் எழுதி வைக்கவில்லை. 1900களின் தொடக்கத்தில் கழுத்தில் ஒரு தகரத் துண்டு மாட்டி அனுப்பினார்கள். அதில் தோட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் எண்ணும்தான். ஆளின் பெயர் இல்லை. பார்சலுக்கு விலாசம் எழுதுவதுபோல.

இந்தக் காகிதமின்மை பிற்பாடு எவ்வளவு பெரிய துன்பமாக வந்தது தெரியுமா? 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, அப்பனாவது, இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனுமாவது இங்கே பிறந்ததற்குச் சான்று காட்டு என்றார்கள். எங்கிருந்து காட்டுவது? பல லட்சம் பேர் நாடற்றவர்களானார்கள். 1964இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக முடிவானது. அப்படித் திரும்பியவர்களின் வீடுகளில் மட்டும் காகிதம் உண்டு: இந்திய பாஸ்போர்ட், கண்டியில் கொடுத்த குடும்ப அட்டை. உங்கள் வீட்டில் அந்த அட்டை இருந்தால் மூன்று தலைமுறைத் தேடலுக்கு அதுதான் தொடக்கம்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. பழைய காகிதத்தில் உள்ள மாவட்டத்தை இன்றைய வரைபடத்தில் தேடாதீர்கள். நாமக்கல் 1997இல்தான் தனி மாவட்டமானது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் 1910இல் நாமக்கல் தாலுகாவைத் திருச்சி மாவட்டத்தோடு சேர்த்துவிட்டார்கள். சில காலம் கழித்துத்தான் அது சேலத்துக்குத் திரும்பியது. ஆகவே 1912இல் மோகனூரிலிருந்து போய்க் கப்பலேறியவரின் சீட்டில் திருச்சி என்றிருக்கலாம். தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அன்றைக்குச் சேலம். அந்தப்பக்கம் திருப்பத்தூரும் 1911 வாக்கில்தான் சேலத்தை விட்டுப் போனது.

டர்பனிலும் சூவாவிலும் இருக்கிற பேரன் பேத்திகளிடம் பாதிக் கதைதான் உண்டு. எண்ணும் கப்பலும் தழும்பும் தெரியும். ஊர்ப்பெயர் குமாஸ்தாவின் காதில் விழுந்தபடி கோணல்மாணலாக இருக்கும். மீதிப் பாதி நம்மிடம். பத்திரப் பதிவு அலுவலகத்தில் பழைய வில்லங்கம் போட்டுப் பாருங்கள்: ஒருவர் திடீரென்று தன் பாகத்தை அண்ணனுக்கு எழுதிக்கொடுத்திருப்பார், அல்லது எங்கிருந்தோ வந்த பணத்தில் இரண்டு ஏக்கர் வாங்கப்பட்டிருக்கும். சேலம் கலெக்டர் அலுவலகத்தின் பழைய ஆவணங்கள் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஆனால் என் கணிப்பில் இவற்றைவிடப் பயனுள்ளது குலதெய்வக் கோயில். அக்கரையிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் ஊர்ப்பெயரை மறந்திருப்பார்கள், சாமி பெயரை மறந்திருக்க மாட்டார்கள்.

அந்தக் கோயிலில் தலைக்கட்டு வரி வசூலித்த பழைய நோட்டு பூசாரி வீட்டிலோ, ஊர்க்கவுண்டர் வீட்டிலோ இருக்கும். யார் யார் எத்தனை தலைக்கட்டு, எந்த வருஷத்திலிருந்து ஒரு பெயர் காணோம் என்பதெல்லாம் அதில் தெரியும். அடுத்த நோன்புக்குப் போகும்போது கேட்டு வாங்கி, கையில் இருக்கிற செல்போனில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ராமபாணப் பூச்சி ஏற்கெனவே வேலையைத் தொடங்கியிருக்கும்.