உறைகுளிரிற் சுழலும் சக்கரம்

எண்ணெயிடாத வண்டிச் சக்கரம் கிறீச்சிடும் என்பதைச் சிறுவரும் அறிவர். அந்த எண்ணெயே உறைந்து இறுகிப்போகும் ஓரிடத்தில் சக்கரமொன்றைச் சுழற்ற வேண்டுமாயின் என் செய்வது?

2021 டிசம்பர் 25 ஆம் நாள் விண்ணிற் செலுத்தப்பெற்ற ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியில் ‘மிரி’ எனும் கருவி உண்டு. வெப்பமுள்ள பொருள் யாவும் கண்ணுக்குப் புலனாகாத செந்நிறக்கீழ்க் கதிர்களை வீசுகின்றன. அக்கதிர்களைத் தேடும் கருவி தானும் சூடாயிருப்பின், தன் கதிரே தன் கண்ணை மறைக்கும். ஆதலின் மிரி, பூச்சியத்திற்குக் கீழே ஏறத்தாழ 266 பாகை சென்ரிகிரேட் வரை குளிர்விக்கப்படுகின்றது.

அக்குளிரில் உலோகங்கள் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை. ஒரு மீற்றர் நீள அலுமினியம் ஏறக்குறைய நான்கு மில்லிமீற்றர் குறுகும். உருக்கோ அதனினும் குறைவாகவே குறுகும். அறையில் இலகுவாகச் சுழன்ற சக்கரம் அங்கே இறுகிப் பிடிக்கக்கூடும். எண்ணெய்க்கு ஈடாக, சக்கரத்தைத் தாங்கும் குண்டுப் போதிகைகளில் மொலிப்டினம் இருசல்பைட்டு மெல்லிய படலமாகப் பூசப்பட்டது. இதற்கும் ஒரு குறையுண்டு. ஈரக்காற்று இதற்கு ஆகாது. மோட்டாரும் நெடுநேரம் இயங்கலாகாது. அதன் சூடே கருவிக்குப் பகை. எனவே, ஜேர்மனியின் ஹைடல்பேர்க் நகரிலுள்ள மக்ஸ் பிளாங்க் வானியல் நிறுவகத்தார், வில்லின் விசையால் உரிய நிலையில் தானே விழுந்து நிற்கும் சக்கரத்தை அமைத்தனர். மின்னோட்டம் நின்ற பின்னரும் அது நிலைபெயராது. இத்துணை எளிய வழியைத் தெரிந்தெடுத்ததே அவர்தம் திறமை எனலாம்.

இருந்தும், 2022 ஆகஸ்ட் 24 ஆம் நாள் ஓர் அவதானத்திற்கு ஆயத்தஞ் செய்கையில், ஒளியைக் கூறுகூறாகப் பிரிக்கும் நுண்கோட்டுத் தகடுகளைத் தாங்கிய சக்கரத்தில் உராய்வு மிகுந்தமை தென்பட்டது. பூமியிலிருந்து 15 இலட்சம் கிலோமீற்றருக்கு அப்பால் எவர் சென்று திருத்துவர்? அச்சக்கரத்தை நாடிய அவதானங்கள் மட்டும் நிறுத்தப்பட்டன. மிரியின் ஏனைய மூன்று பணிகளும் தொடர்ந்தன. மையப் போதிகையின் உறுப்புகள் சில நிலைமைகளில் ஒன்றையொன்று மிகையாக அழுத்துவதே காரணமெனப் பொறியியலாளர் கண்டனர். எவ்வாறு சுழற்றினால் தீங்கில்லை என்பதையும் வகுத்தனர். நவம்பர் 12 ஆம் நாள் பணி மீண்டும் தொடங்கியது. முதலில் நோக்கப்பட்டது சனிக் கிரகம். அதன் துருவப் பகுதிகள் அடுத்த 20 ஆண்டுகளுக்கு அத்தொலைநோக்கியின் பார்வைக்கு மறையவிருந்தன.