வாளுக்கு ஏற்ற எஃகைத் தெரிந்தெடுக்கும் முறை



கிராமக் கைத்தொழில்கள் யாவற்றிற்கும் கொல்லன் பட்டறையே தாய் என்பது யாவரும் அறிந்ததே. உழவனுக்குக் கொழுவும், தச்சனுக்கு உளியும், அறுவடைக்குக் கருக்கரிவாளும் அங்கிருந்தே வருகின்றன. எப்பொழுதேனும் கோயிலாரோ சிலம்பக் கூடத்தாரோ வாள் ஒன்று அடித்துத் தரும்படி கேட்பதுமுண்டு. அவ்வேலையில் முதலாவது தீர்மானிக்க வேண்டியது பிடியின் அழகன்று. எந்த எஃகு என்பதேயாகும். அரிவாளில் நேர்ந்த பிழை பெரும்பாலும் வாய் மழுங்குவதோடு போம். வாளில் நேர்ந்த பிழையோ, வீசும் வேளையில் அலகு முறிந்து அருகில் நிற்பவன் மேல் பாய்வதில் முடியக்கூடும்.

இரும்புக்கும் எஃகுக்கும் உள்ள வேற்றுமை பெரும்பாலும் கரிச்சத்தின் அளவைப் பொறுத்தது. கட்டடக் கம்பி, சாதாரணப் பட்டை முதலிய மெல்லிரும்பில் கரிச்சத்து நூற்றில் ஏறக்குறைய கால் பங்குக்குள்ளேயே இருக்கும். அதை எவ்வளவு காய்ச்சித் தோய்த்தாலும் வாய் நிற்காது. வளைந்தால் வளைந்தபடியே கிடக்கும். அரம் செய்யும் எஃகில் கரிச்சத்து நூற்றில் 1 பங்குக்கும் மேற்பட்டிருக்கும். அது மிகவும் கடினமாகும். ஆனால் கீழே விழுந்தாலும் ஒடியும். சிறு கத்திக்கும் உளிக்கும் அது உதவும். முழ நீளத்திற்கும் மேற்பட்ட அலகுக்கு உதவாது.

இதிலிருந்து விளங்குவது யாதெனில், கடினமும் உறுதியும் ஒன்றல்ல. கடினம் கூடக் கூட முறிவும் கூடும். கத்தி வெட்டினால் போதும். வாளோ வெட்டவும் வேண்டும், அடி தாங்கவும் வேண்டும், வளைந்தால் திரும்ப நேராகவும் வேண்டும். ஆகையால் கரிச்சத்து நூற்றில் 0.5 முதல் 0.7 வரை உள்ள நடுத்தர எஃகே அதற்குத் தகும். இவ்வகையில் வில்லெஃகு சிறந்தது. மோட்டார் லாரிகளின் வில்பட்டைகள் பெரும்பாலும் இத்தகைய எஃகினால் ஆனவை. கரிச்சத்து ஏறக்குறைய 0.6 பங்கும், அதனுடன் சிலிக்கானோ குரோமியமோ மாங்கனீஸோ சேர்ந்தும் இருக்கும். சுமை ஏறும்போது வளைந்து, இறங்கும்போது நிமிர்வதே அப்பட்டையின் வேலையாதலால், வாளுக்கு வேண்டிய குணம் அதில் இயல்பாக அமைந்திருக்கிறது.

துருப்பிடிக்காத எஃகு பளபளப்பாயிருப்பதால் பலர் அதையே விரும்பிக் கேட்கிறார்கள். சமையலறைக் கத்திக்கு அது நன்று. நீண்ட வாளுக்கு அதன் சாதாரண வகைகள் தகா. சுவரில் மாட்டும் அலங்கார வாள்களுக்கு மட்டும் அவை போதும். துத்தநாகம் பூசிய இரும்பை உலையில் வைக்கவே கூடாது. அதன் புகை காய்ச்சலையும் மூச்சுத் திணறலையும் உண்டாக்கும். தண்டவாளத் துண்டு பட்டடையாக உதவுமென்று வாங்குவோர், அது எவ்வாறு கிடைத்ததென்று விசாரித்தல் அவசியம். ரயில்வேப் பொருளை உரிமையின்றி வைத்திருப்பது 1966ஆம் வருஷத்துச் சட்டப்படி குற்றமாகும்.

நிற்க. பழைய வில்பட்டை மலிவாகக் கிடைக்கிறதே, அதை வாங்கினாலென்ன என்று கேட்கலாம். பல்லாயிரம் மைல் சுமை தாங்கிய பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் இருக்கக்கூடும். அவை சம்மட்டி அடியில் மறைந்தனபோல் தோன்றி, பின்னர் வாளில் வெளிப்படும். அரிவாளுக்கும் கோடரிக்கும் பழம்பட்டையை ஆராய்ந்து உபயோகிக்கலாம். வாளுக்குப் புதுப்பட்டையே ஏற்றது.

இன்ன எஃகு என்று தெரியாத துண்டு கைக்கு வந்தால் மூன்று சோதனைகள் செய்யலாம். முதலாவது, சாணைச் சக்கரத்தில் பிடித்துப் பொறியைக் கவனித்தல். மெல்லிரும்பின் பொறி நீண்ட கோடாய் ஓடும்; கரிச்சத்து மிகுந்த எஃகின் பொறி மத்தாப்புப்போல் கிளைத்து வெடிக்கும். இரண்டாவது, விரல் நீளத் துண்டைக் காய்ச்சி, காந்தம் ஒட்டாத நிலை வந்தபின் இன்னும் சிறிது சூடேற்றி எண்ணெயில் தோய்த்து, அரத்தால் உராய்தல். அரம் பற்றாமல் வழுக்கினால் எஃகு தோய்ச்சலை ஏற்றுக்கொண்டது. மூன்றாவது, அத்துண்டைத் துணியில் சுற்றி இடுக்கியில் வைத்து ஒடித்து, முறிந்த முகத்தைப் பார்த்தல். சாம்பல் நிறமாய் நுண்மணலைப்போல் இருந்தால் நன்று. உப்புக்கல்லைப்போல் மின்னினால் சூடு மிஞ்சிவிட்டது. இச்சோதனைகள் எஃகின் இனத்தை உணர்த்துமேயன்றி, அதிலுள்ள சத்துக்களின் அளவைச் சொல்லா.

எஃகின் இயல்பறிந்தே நெருப்பு வைக்க வேண்டுமென்பதற்கு இந்நாட்டுச் சரித்திரமே சான்று. ஈரோடு ஜில்லாவில் நொய்யலாற்றங்கரைக் கொடுமணலில், பண்டைக் காலத்தில் இரும்பும் எஃகும் செய்த உலைகளின் அடையாளங்கள் அகழ்ந்து காணப்பட்டுள்ளன. தென்னாட்டில் மூசையில் உருக்கிய எஃகு கடல் கடந்து சென்று புகழ்பெற்ற வாள்களாயிற்று. இங்கிலாந்தில் மைக்கேல் பாரடே 1819இல் அதை ஆராய்ந்து எழுதினார். அதில் கரிச்சத்து நூற்றில் 1 பங்குக்கு மேல், பெரும்பாலும் 1.5 அளவில் இருந்தது. ஐரோப்பியக் கொல்லர் தங்கள் வழக்கப்படி அதை வெண்சூடாக்கி அடித்தபோது அது நொறுங்கிற்று. அதன் இயல்பறிந்த கொல்லரோ சிவந்த சூட்டிலேயே பொறுமையாய் அடித்து வாளாக்கினர். எஃகு ஒன்றே, அறிவே வேறு.

நல்ல எஃகு கிடைத்தபின்னும் தோய்ச்சல் தவறினால் பயனில்லை. வில்லெஃகை எண்ணெயில் தோய்த்தல் வேண்டும். தண்ணீரில் தோய்த்தால் விரிசல் காணும். எண்ணெய் தீப்பற்றக்கூடுமாதலால் தொட்டிக்கு இரும்பு மூடி அருகில் இருக்க வேண்டும். தோய்த்தவுடன் அலகு கண்ணாடிபோல் முறியத்தக்கதாயிருக்கும். ஆகையால் அதைத் தேய்த்து மினுக்கி, மறுபடியும் மெல்லச் சூடேற்றிப் பதம் இறக்க வேண்டும். ஏறக்குறைய 230 டிகிரி சென்டிகிரேடில் வைக்கோல் நிறமும், 300 டிகிரியில் நீல நிறமும் தோன்றும். சிறு கத்திக்கு வைக்கோல் நிறம் போதும். வாளுக்கு நீலம் வரும்வரை பொறுத்தல் வேண்டும்.

இனிச் செலவைக் கணக்கிடுவோம். 75 சென்டிமீட்டர் நீளம், 5 சென்டிமீட்டர் அகலம், 6 மில்லிமீட்டர் கனமுள்ள பட்டை சுமார் 1¾ கிலோ நிறையுள்ளது. ஒரு வாளுக்கு அவ்வளவே வேண்டும். கரியும், துருத்தி வேலையும், பல நாள் கூலியும் அதைவிட மிகுதி. எஃகில் சில ரூபாய் மிச்சம் பிடித்து, முடிவில் வாள் முறிந்தால் நஷ்டப்படுவது அத்தனை உழைப்பும், அதனுடன் கொல்லனுடைய நற்பெயருமாகும்.

ஆனால் சான்றுள்ள புது எஃகைச் சில்லறையாக வாங்குவது தனிக்கொல்லனுக்கு எளிதன்று. சங்கத்தின் பயன் இங்கேதான் விளங்குகிறது. பத்துக் கொல்லர் சேர்ந்து முழு நீளப் பட்டைகளை வாங்கினால், ஆலையின் சோதனைச் சான்றையும் கேட்டுப் பெறலாம். சான்றிலுள்ள வார்ப்பு எண்ணும் பட்டையிலுள்ள எண்ணும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்து, சங்கப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். வெட்டித் தரும் ஒவ்வொரு துண்டிலும் உளியால் ஓர் அடையாளம் இட வேண்டும். அடையாளமற்ற துண்டு மூலையில் கிடந்தால், மறுவருஷம் அதுவும் இன்னதென்று தெரியாத இரும்பாகவே ஆகிவிடும்.

இன்னுமொரு விஷயம். 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் விவசாயக் கருவியை ஒருவிதமாகவும் வாளை வேறுவிதமாகவும் கருதுகிறது. ஆகையால் வாளுக்கு முன்பணம் பெறுமுன், அனுமதி பற்றி அதிகாரிகளிடம் கேட்டறிதல் சங்கத்தாரின் கடமை. அதன்பின் எஃகு, அதன்பின் உலை. இம்முறை மாறாமல் நடக்கும் சங்கத்தின் முத்திரை பொறித்த அலகை வாங்குவோர் நம்பிக் கையில் எடுப்பார்கள்.