ஐ.நா. சபையில் ஒரு சென்னைப் பாடல்
(நங்கநல்லூர்ப் பங்கின் பாடற்குழுக் கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



யூபிலித் திருப்பலிக்கென இயற்றப்பெற்ற புதிய நான்கு குரல் பாடல் வேண்டாம், பழகிய பாடலே போதும் என்கிறீர்கள். உங்களுக்கு நாம் ஒரு பயணத்தை நினைவூட்ட விரும்புகிறோம்.

1966 அக்டோபர் 23 அன்று நியூயார்க்கில், ஐ.நா. பொதுச் சபை மண்டபத்தில் எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையார் பாடினார். உடன் பாடியவர் மகள் ராதா. ராஜாஜி ஆங்கிலத்தில் எழுதிய மன்றாட்டுப் பாடலும் அன்று ஒலித்தது. அதற்கு மேனாட்டு முறையில் மெட்டமைத்தவர் நம் சென்னைக் கிறிஸ்தவர் ஹேண்டல் மானுவேல். காஞ்சிப் பெரியவர் வடமொழியில் இயற்றித் தந்த பாடலும் அன்றைக்குப் புதியதே.

அம்மையாருக்கு அப்போது வயது 50. கீர்த்தனைகளை மட்டும் பாடித் திரும்பியிருந்தால் யார் குறை சொல்லியிருப்பார்கள்? கமகத்தில் ஊறிய குரலை அசைவின்றி நேராக நிறுத்துவது எளிதன்று. நம் ஊர் சபாக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். போதாததற்கு ஆங்கில உச்சரிப்பு வேறு. அம்மையார் பாடம் பண்ணினார்.

உங்களுக்கோ தாய்மொழிப் பாட்டு! ஆல்டோ தடுமாறுகிறது, உண்மைதான். டெனாருக்கு இருவரே இருக்கிறார்கள். ஆயினும் பாடலை மாற்றுவதாக இல்லை. புதன் மாலை 6.30-க்கு ஒத்திகை. ஆர்மோனியத்தைப் பழுது பார்த்தாயிற்று.