வைத்த பொருளும் வைத்த மனமும்



திருவிழாப் பந்தலில் பெரிய தத்துவங்களைக் கேட்க வந்திருக்கின்றீர்கள். அடியேன் இன்று எடுத்துக்கொண்டதோ மிகச் சிறிய விஷயம். சாவி, மூக்குக்கண்ணாடி, கத்தரிக்கோல், குடும்ப அட்டை ஆகியவை அடிக்கடி காணாமற் போகாத வீடு உண்டா? புறப்படும் வேளையில் சாவியைக் காணோம். கணவர் அலமாரியைப் புரட்டுகிறார். மனைவியார் அடுக்களையைத் துழாவுகிறார். பிள்ளைகள் கட்டிலுக்கடியில் நுழைகிறார்கள். கைப்பேசியானால் மணியடித்துக் கண்டுபிடிக்கலாம். சாவி குரல் கொடுக்குமா? கடைசியில், தேடியவர் சட்டைப்பையிலேயே அது இருப்பதும் உண்டு.

இது ஏன் நிகழ்கின்றது? நம் சித்தாந்த சாத்திரத்தில் இதற்கு விடை இருக்கின்றது. உயிர் எதனைச் சார்கின்றதோ அதன் வண்ணமாய் நிற்கும் என்பது அதன் கொள்கை. கண் திறந்திருந்தாலும், உயிர் அக்கண்ணோடு கூடி நின்றாலன்றிக் காட்சி இல்லை. சாவியை வைத்தது கை. அவ்வேளையில் மனம் சார்ந்திருந்ததோ அலுவலகக் கவலையை. மனம் பற்றாத ஒன்றைச் சித்தம் பின்னர் எவ்வாறு எடுத்துக் கொடுக்கும்? வைத்த இடத்தை மறந்துவிட்டேன் என்கிறோம். பல சமயங்களில் அந்த இடம் நம் அறிவில் பதியவே இல்லை என்பதே உண்மை.

உங்கள் வீட்டுப் பூசையறையை எண்ணிப் பாருங்கள். திருநீற்றுச் சம்புடமும், பஞ்சபாத்திரமும், கைமணியும் எளிதில் காணாமற் போவதில்லை. அவற்றுக்கு இடம் குறித்திருக்கின்றது. எடுப்பவரும் வைப்பவரும் மனம் ஒன்றிச் செய்கின்றனர். அந்த ஒழுங்கைக் கூடத்துக்கும் அடுக்களைக்கும் கொண்டு வந்தால் பாதித் தேடல் குறையும்.

ஆயினும் அன்பர்களே, பொருள் போவது சிறிய நட்டம். அடுத்து எழும் கேள்விதான் பெரிய நட்டத்தை விளைக்கின்றது. "யார் எடுத்தது?" என்கிறோமே, அந்தக் கேள்வியைச் சொல்கிறேன்.

12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் அருளிய பெரிய புராணத்தில் ஒரு வீட்டுப் பொருள் காணாமற் போகின்றது. தில்லையிலே வேட்கோவர் குலத்துத் திருநீலகண்டர் வாழ்ந்தார். சிவயோகியார் வேடத்தில் வந்த இறைவன், ஒரு திருவோட்டை அவரிடம் அடைக்கலமாகத் தந்து சென்றான். பின்பு அதனைத் தானே மறைத்துவிட்டு வந்து கேட்டான். தொண்டர் தேடினார், இல்லத்தில் நின்றவர்களைக் கேட்டார், காணவில்லை. வேறு நல்ல ஓடு தருகிறேன் என்றார். யோகியார் ஏற்கவில்லை, களவு செய்தாய் என்று பழி சுமத்தி, தில்லைவாழ் அந்தணர் அவையிலும் நிறுத்தினார். மனைவி கையைப் பற்றிக் குளத்தில் மூழ்கிச் சத்தியம் செய் என்றார். மனைவியைத் தீண்டுவதில்லை என்ற விரதம் பூண்டிருந்த தொண்டர், முதுமை வந்த அந்நாளில், மூங்கில் தண்டின் இரு முனைகளை இருவரும் பற்றி நின்று, அதுவரை மறைத்து வைத்த குடும்பச் செய்தியை ஊரறியச் சொல்லி மூழ்கினார். இருவரும் இளமை பெற்று எழுந்தனர்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழி சுமத்தியவன் எல்லாம் அறிந்தவன். ஓடு எங்கே என்று தெரிந்தே திருவிளையாடல் செய்தான். முடிவில் அருளும் தந்தான். நாமோ ஒன்றும் அறியாமல் பழி சுமத்துகிறோம். அருள் தரவும் நம்மால் ஆகாது. ஒரு மோதிரம் கிடைக்கவில்லை என்றதும், பாத்திரம் துலக்க வரும் பெண்மணியின் மீது பார்வை திரும்புகின்றது. புதிதாக வந்த மருமகளின் மீது திரும்புகின்றது. இரண்டு நாள் கழித்து மோதிரம் அரிசிப் பானையில் கிடைத்துவிடும். அந்தப் பெண்மணி இழந்த நற்பெயரை எந்தப் பானையில் தேடுவது?

பழையாறையில் பிறந்த அமர்நீதியார், தம்மிடம் வைத்த கோவணம் மறைந்தபோது யாரைக் கைகாட்டினார்? ஒருவரையும் இல்லை. காவல் தம்முடையது என்று ஏற்று, பொருளனைத்தையும் தராசில் இட்டார். தட்டு நேராகாதபோது மனைவி மகனோடு தாமும் ஏறினார். அதுவே இல்லறத்தார்க்கு இலக்கணம்.

மற்றொன்றும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். வீட்டிலுள்ள முதியவர் கண்ணாடியை உப்புச் சாடியில் வைக்கிறார். பிறகு யாரோ திருடிவிட்டார்கள் என்று அழுகிறார். இது மீண்டும் மீண்டும் நிகழ்கின்றது என்றால் அவரை ஏசாதீர்கள். அது மூளையைப் பற்றும் மறதி நோயின் அறிகுறியாக இருக்கலாம். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நம் பெயர்களை நமக்கு வைத்தவர்கள், அவற்றையே மறக்கும் காலம் வரலாம். அன்று அவர்களுக்காக நாம் நினைவு வைத்திருப்பதும் சிவபூசையே ஆகும்.

ஆகவே மெய்யன்பர்களே, வைக்கும்போது மனத்தோடு வையுங்கள். காணாதபோது முதலில் உங்கள் பையைப் பாருங்கள். பிறர் முகத்தைப் பாராதீர்கள். கிடைத்தபோது, உடன் தேடியவர்க்கு ஓர் இன்சொல் கூறுங்கள். அம்பலவாணன் எல்லா இல்லங்களிலும் அமைதியை நிலைபெறச் செய்வானாக!

திருச்சிற்றம்பலம்.