மக்கள் சோதனைப் பொருளல்லர்

(திருவனந்தபுரம் சாலையில் நடைபெற்ற கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



மருத்துவ ஆய்வில் மக்களின் இடம் எது? கேரளம் இதற்கு இருவேறு விடைகளைக் கண்டுள்ளது.

1999-2000இல் இந்நகரின் மண்டலப் புற்றுநோய் மையத்தில் வாய்ப்புற்றுநோயாளிகளிடம் புதிய மருந்தொன்று சோதிக்கப்பட்டது. இதில் ஈடுபட்ட தனது ஆய்வாளர் உரிய நெறிமுறை ஒப்புதலைப் பெறவில்லை என்பதை 2001இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமே ஒப்புக்கொண்டது. நோயாளி அங்கே வெறும் சோதனைப் பொருளானார்.

மாறாக, 1987இல் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தின் தொண்டர்கள் ஊரகப் பகுதிகளில் சுமார் 10,000 வீடுகளுக்குச் சென்று நலவாழ்வுக் கணக்கெடுப்பு நடத்தினர். உலகம் புகழும் கேரளத்திலும் ஏழை வீடுகளிலேயே நோய் மிகுதி என்பது வெளிப்பட்டது. மக்கள் இயக்கம் கேள்வி எழுப்பினால், ஆய்வு வர்க்க வேறுபாட்டையும் காணும்.

பங்கேற்பாளருக்குப் புரியும் மொழியில் ஒப்புதல் பெற வேண்டும் என்கின்றன 2019ஆம் ஆண்டின் மருந்துச் சோதனை விதிகள். நெறிமுறைக் குழுவில் சாதாரண குடிமகனுக்கும் இடமளிக்கின்றன. சாலைக் கடைத்தெருவின் தமிழ்த் தொழிலாளிக்கு ஒப்புதல் படிவம் தமிழில் கிடைக்கிறதா? அந்த இருக்கையில் உழைப்பாளி அமர்கிறாரா? ஆய்வின் முடிவுகள் மக்களிடம் திரும்பி வருகின்றனவா? இவற்றை விடாது கேட்பது நமது கிளைகளின் கடமை.