ஃபேன்டசி லீக்: எந்த ஃபார்மட் எவ்வளவு நேரம் கேட்கும்?

கீழ்பென்னாத்தூர்ல இருந்து பேசுறேன். கூடப் படிச்சவங்க எல்லாம் இன்னைக்கு ஆளுக்கொரு ஊர், ஆளுக்கொரு ஷிப்ட். அவங்களைச் சேர்த்து ஒரு ஃபேன்டசி லீக் ஆரம்பிக்கணும்னா, எந்த ஃபார்மட் எவ்வளவு நேரம் கேட்கும்னு முதல்ல பார்க்கணும்.

ஃபேன்டசி பிரீமியர் லீக்ல ஈஸியானது கிளாசிக். 10 கோடி பவுண்ட் பட்ஜெட், 15 வீரர்கள், 38 கேம்வீக். வாரம் ஒரு டிரான்ஸ்ஃபர் இலவசம். செய்யலைன்னா 5 வரை சேர்ந்துக்கும். ஒரு வாரம் மறந்தாலும் டீம் அப்படியே ஆடும். வாரம் 20 நிமிஷம் தாராளம்.

கவனிக்க வேண்டியது டெட்லைன். கேம்வீக்கோட முதல் மேட்சுக்கு 90 நிமிஷம் முன்னாடி கதவு மூடிடும். குளிர்காலத்துல, வெள்ளிக்கிழமை ராத்திரி மேட்ச் இருந்தா நமக்கு அது நள்ளிரவு 12 மணி. டிசம்பர்ல வார நடுவுலயும் மேட்ச் வரும். திருவண்ணாமலை தீபத்துக்கு வீடு நிறைய சொந்தக்காரங்க இருக்கிற நேரம் அது.

ஹெட் டு ஹெட்ல வேலை அதேதான். ஆனா ஒவ்வொரு வாரமும் ஒரே ஒரு நண்பர்தான் எதிராளி. நீங்க டீமைப் பார்க்காம விட்டா அவருக்கு ஓசி வெற்றி, மத்தவங்களுக்குக் கடுப்பு.

டிராஃப்ட்ல ஒரு வீரர் ஒருத்தருக்குத்தான். 8 பேர், ஆளுக்கு 15 வீரர்னா 120 தேர்வு. ஒண்ணுக்கு ஒரு நிமிஷம்னா ரெண்டு மணி நேரம், எல்லாரும் ஒண்ணா ஆன்லைன்ல உட்காரணும். பாதியில ஒருத்தர் காணாம போனா, அவர்கிட்ட இருக்கிற 15 பேரை வேற யாரும் எடுக்க முடியாது. லீக்கே முடங்கும்.

ஐபிஎல் தினசரி ஃபேன்டசி வேற மாதிரி. 7 மணிக்கு டாஸ், 7:30க்கு மேட்ச். பிளேயிங் லெவனைப் பார்த்துட்டு டீம் மாத்த அரை மணி நேரம்தான். 2025ல 74 மேட்ச். அத்தனைக்கும் இப்படி உட்கார்ந்தா 37 மணி நேரம்! பணம் கட்டி ஆடுறது 2025 ஆகஸ்ட்ல வந்த சட்டத்தோட முடிஞ்சது. சாயங்காலத்தை மட்டும் அது இன்னும் கேட்குது.

என் கணக்கு இதுதான்: நம்ம கும்பல்லயே நேரம் குறைவா இருக்கிறவர் யாரோ, அவருக்கு ஏத்த ஃபார்மட்டை எடுங்க. நைட் ஷிப்ட் நண்பர் மே மாசம் வரைக்கும் குரூப்ல இருந்து கலாய்ச்சா, லீக் ஜெயிச்ச மாதிரிதான்.